வசனத்தின் பின்னணி தெரிந்த பிறகு விசுவாசம் குறைகிறதா, கூடுகிறதா?

#1 கடுகுவிதை

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு அப்பாவை அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோன காலையில், தெரிந்த ஒருவர் ஒரு வசன அட்டையை என் கையில் வைத்தார். எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார்." நாங்கள் எதிர்பார்த்த முடிவு என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்பா வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அம்மா அந்த அட்டையைத் தலையணைக்குக் கீழே வைத்தார். பத்தாம் நாள் அப்பா போய்விட்டார்.

அதற்கப்புறம் ஒரு வருடம் நான் வேதத்தைத் தொடவில்லை. பிறகு திறந்ததும் ஜெபிப்பதற்காக அல்ல, சண்டை போடத்தான். "இப்படிச் சொன்னீரே" என்று காட்டுவதற்காக அந்த அதிகாரத்தைத் தேடி எடுத்தேன். அதற்கு முந்தின வசனமான 29:10-ஐ அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகு என்று இருக்கிறது. எழுபது! அட்டையில் அது அச்சாகவில்லை.

கர்த்தர் என்னிடம் பொய் சொல்லவில்லை என்று ஒரு பக்கம் ஆறுதல். அப்படியானால் அந்த வசனம் எனக்கு எழுதப்பட்டதே இல்லையே என்று இன்னொரு பக்கம். ஒவ்வொரு வசனமும் வேறு யாரோ ஒருவரின் முகவரிக்குப் போன கடிதம் என்றால் எனக்கு வந்த கடிதம் எது? பின்னணி, காலம், மூலமொழி என்று படித்துக்கொண்டே போனால் விசுவாசம் ஆழமாகிறதா, இல்லை வேதம் வெறும் சரித்திரப் பாடமாகிவிடுகிறதா? அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

#2 எண்ணெய்விளக்கு

தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. அம்மா எப்படி இருக்கிறார்கள்?

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எரேமியா எந்த நூற்றாண்டு என்று கேட்டால் சிரிப்பார். ஆனால் அவர் முழங்கால் போட்டால் வீடே அமைதியாகிவிடும். ஆராய்ச்சியினால்தான் விசுவாசம் ஆழமாகும் என்றால் என் பாட்டியை எந்த வரிசையில் வைப்பது? அதிகமாக நோண்டாதீர்கள். ஆவியானவர் ஒரு வசனத்தைக் கொண்டு பேசினால் பேசினதுதான். பழைய காலத்துச் சபைப் பெரியவர் அகஸ்டினுக்கு அப்படித்தானே நடந்தது? தோட்டத்தில் அழுதுகொண்டிருந்தார், "எடுத்து வாசி" என்று ஒரு குழந்தையின் குரல், திறந்தார், கண்ணில் பட்ட வசனம் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. முன்னும் பின்னும் அவர் பார்க்கவில்லை.

#3 தோமா_2

கடுகுவிதை பிரதர், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எனக்கு அதிர்ச்சி வேறு இடத்தில். மாற்கு 16-இல் 9 முதல் 20 வரையுள்ள வசனங்கள் நான்காம் நூற்றாண்டின் இரண்டு பெரிய கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை என்று ஒரு அடிக்குறிப்பில் படித்தேன். அன்று இரவு தூங்கவில்லை. இருபது வருடம் போதகர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லையே! புரிந்துகொள்ளப் புரிந்துகொள்ள விசுவாசம் ஆழமாகும் என்பதெல்லாம் மேடைப்பேச்சு. என் விஷயத்தில் அது ஆழமாகவில்லை, ஆட்டம் கண்டது.

#4 பெரேயாக்காரன்

கடுகுவிதை, நீங்கள் 29:10 வரைக்கும் பின்னால் போனீர்கள். இன்னும் ஒரு அதிகாரம் போங்கள். 28-ஐப் படிக்காமல் 29 புரியாது.

சூழ்நிலை இது. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பெரியவர்களையும் தொழிலாளிகளையும் பாபிலோனுக்குக் கொண்டுபோய்விட்டான். நகரம் இன்னும் இடியவில்லை, அது பத்துப் பதினோரு வருடம் கழித்துத்தான். எரேமியா கழுத்தில் நுகத்தைப் போட்டுக்கொண்டு நடமாடுகிறார், பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருங்கள் என்று காட்டுவதற்காக. அப்போது அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லோர் முன்னாலும் எழும்புகிறான். "இரண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துவிடும், கர்த்தர் சொல்லுகிறார்" என்கிறான். இன்றைக்கு என்றால் அதைத்தான் அட்டையில் அச்சடித்திருப்பார்கள்.

எரேமியாவின் பதில்தான் என்னை உட்காரவைத்துவிட்டது. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். கிண்டலாகவும் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கென்னவோ, அவருக்கும் அதுதான் ஆசை என்று படுகிறது. தன் வாயிலிருந்து வந்த தீர்க்கதரிசனம் பொய்த்துப்போனால்கூடப் பரவாயில்லை, ஜனம் திரும்பி வரட்டும் என்ற ஏக்கம். அனனியா அந்த நுகத்தை அவர் கழுத்திலிருந்து எடுத்து முறித்துப்போடுகிறான். எரேமியா வாதாடவில்லை. "தன் வழியே போனான்" என்று முடிகிறது அந்தக் காட்சி. கர்த்தரிடமிருந்து மறுவார்த்தை பிறகுதான் வருகிறது, மர நுகத்தை முறித்தாய், இனி அது இரும்பு நுகம் என்று.

அதற்குப் பிறகு வருவதுதான் 29-ஆம் அதிகாரத்துக் கடிதம். கொண்டுபோன ராஜாவுக்குப் பதிலாக எருசலேமில் வைக்கப்பட்ட சேதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய ஆட்களின் கையில் கொடுத்துவிடுகிறார். அங்கே கடிதத்தைப் பிரித்த முப்பது வயது ஆளாக உங்களை நினைத்துப்பாருங்கள். "எழுபது வருஷம்" என்று வாசிக்கிறீர்கள். கணக்குப் போடுகிறீர்கள். நீங்கள் ஊர் திரும்பப்போவதில்லை. அந்த மனிதனிடம்தான் வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவை, உன்னைச் சிறைபிடித்துப்போன பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபி என்று சொல்லியிருக்கிறது. 7-ஆம் வசனத்தில் மூன்று முறை வருகிற அந்தச் "சமாதானம்" எபிரெயத்தில் ஷாலோம். 11-இல் "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று வருவதும் அதே வார்த்தைதான். அவர் கொடுக்க நினைக்கிற ஷாலோமும், எதிரியின் ஊரில் அவர்கள் தேட வேண்டிய ஷாலோமும் ஒரே கடிதத்துக்குள் இருக்கின்றன.

ஆக, 29:11 என்பது நினைத்தது நடக்காது என்று தெரிந்துபோனவர்களுக்குச் சொன்ன வசனம். அப்பாவை இழந்த வீட்டுக்கு அது பொருந்தாது என்று யார் சொன்னது? அறுவை சிகிச்சை அன்று காலையைவிட அடக்கம் முடிந்த மறுநாள்தான் அது உங்கள் வசனம்.

#5 கடுகுவிதை

கடைசி வரியை இரண்டு மூன்று தடவை படித்தேன். பிறகு எழுதுகிறேன்.

#6 சொல்தச்சன்

மொழி ஆள் நான், இறையியல் தெரியாது. ஆனால் இந்த வசனத்தில் தமிழ் செய்த ஒரு கெடுதலையும் ஒரு உபகாரத்தையும் சொல்லலாம்.

கெடுதல்: "எதிர்பார்த்திருக்கும் முடிவு". எபிரெயத்தில் இருப்பது இரண்டு பெயர்ச்சொற்கள், "அகரித்" (பின்னால் வருவது, பிற்காலம்), "திக்வா" (நம்பிக்கை). பிற்காலமும் நம்பிக்கையும் என்று இரண்டாக நிற்க வேண்டியதை ஒன்றாகக் கோத்தால் "நம்பிக் காத்திருக்கும் பிற்காலம்" என்று ஆகலாம். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அப்படித்தான் கோத்தது, நம் பழைய மொழிபெயர்ப்பிலும் அதே கோர்ப்பு. "நீங்கள் எதிர்பார்க்கும்" என்றதும் நாம் என்ன நினைப்போம்? நான் மனதில் வைத்திருக்கிற ரிசல்ட். பிற்காலத்துத் தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் எதிர்காலம், நம்பிக்கை என்று பிரித்தே சொல்கிறது. கடுகுவிதை வீட்டில் அன்று காலை அந்தப் பதிப்பு இருந்திருந்தால் பாதிக் காயம் ஆகியிருக்காது.

உபகாரம்: "உங்களுக்கு". ஆங்கிலத்தில் இன்றைக்கு ஒருவருக்கும் பலருக்கும் ஒரே வார்த்தை. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் நாம் மரியாதைப் பன்மையில் ஊறிப்போனதால் "உங்களுக்கு" என்றதும் "எனக்கு" என்று எடுத்துக்கொள்கிறோம். பழைய மொழிபெயர்ப்பில் கர்த்தர் தனி ஒருவரோடு பேசும்போது நீ, உன், உனக்குத்தான். ஆபிரகாமிடமும் அப்படித்தான், மோசேயிடமும் அப்படித்தான். அவர் "நீங்கள்" என்றால் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க எபிரெயம் படிக்க வேண்டியதில்லை, தமிழைக் கவனித்தாலே போதும். இது தெரிந்த பிறகு நிருபங்களைத் திரும்ப வாசித்தேன். எனக்கு என்று நினைத்த பாதி வசனங்கள் சபைக்கு வந்தவை.

#7 மறைக்கல்வி

எண்ணெய்விளக்கு அக்கா சொன்ன அகுஸ்தீனார் கதையில் ஒரு சேர்க்கை. (நாங்கள் அகுஸ்தீனார் என்போம், ஆள் ஒருவர்தான்.) அது 386-இல், மிலான் நகரத்துத் தோட்டத்தில் நடந்தது. அதற்கு முன்பு என்ன நடந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். மாதக்கணக்கில் ஆயர் அம்புரோசின் மறையுரைகளைக் கேட்டிருக்கிறார். பவுலின் திருமுகங்களை ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த ஒருவர் மேசைமேல் கிடந்த புத்தகம் பவுல் என்று பார்த்து ஆச்சரியப்படுகிறார். கண்ணில் பட்ட வரி உரோமையர் 13:13-14. ஒழுக்கக்கேட்டை விட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லுகிற அந்த வரிகளை அவர் வளைக்கவில்லை, பவுல் சொன்ன பொருளிலேயே எடுத்துக்கொண்டார். காய்ந்த விறகில் விழுந்த பொறி அது. ஈர விறகில் விழும் பொறியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை!

அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. பக்கத்தில் இருந்த நண்பர் அலிப்பியுஸ் எட்டிப் பார்த்து, அடுத்த வரியைத் தனக்கு என்று எடுத்துக்கொள்கிறார். விசுவாசத்தில் பலவீனமானவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற வரி. நம் புத்தகத்தில் அது 14-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர் புத்தகத்தில் 14 என்று ஒன்று கிடையாது. அதிகார எண்கள் வந்தது 13-ஆம் நூற்றாண்டில். புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பார்க்கும் வசன எண்களை 1551-இல் ஒரு அச்சுக்காரர் போட்டார். ஒரு வரியை வெட்டி அட்டையில் ஒட்டும் பழக்கத்துக்கு அந்த எண்கள் பெரிய வசதி செய்து கொடுத்துவிட்டன.

#8 எண்ணெய்விளக்கு

மறைக்கல்வி, பொறி உவமை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

#9 தோமா_2

அக்கா, அதற்கு நான் சொல்லலாமா? சின்ன வயதில் ரோமர் 10:17-ஐ மனப்பாடம் செய்தேன். "விசுவாசம் கேள்வியினால் வரும்." கேள்வி கேட்டால் விசுவாசம் வரும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் கேட்டுக்கொண்டே இருப்பேன், ஆசிரியைக்கு என்னைக் கண்டாலே ஆகாது. அது கேட்பது என்ற பொருளில் வரும் "கேள்வி", திருக்குறளில் அந்தப் பெயரில் ஒரு அதிகாரமே இருக்கிறதே, அந்தக் கேள்வி என்று பத்தாம் வகுப்பில்தான் புரிந்தது. ஏமாற்றமாகத்தான் இருந்தது.

உங்கள் பாட்டிக்கு அந்தக் கேள்வி இருந்தது அக்கா. வாசிக்கத் தெரியாதவர் ஆலயத்தில் அதிகாரம் அதிகாரமாகக் கேட்டிருப்பார். நாம் அட்டையில் ஒரு வரி வாசிக்கிறோம், அவர் முழுக் கதையையும் கேட்டவர். எரேமியாவின் நூற்றாண்டு தெரியாமல் இருக்கலாம். எரேமியாவைத் துரவில் இறக்கியதும் அவர் சேற்றில் அமிழ்ந்ததும் தெரிந்திருக்குமா, இல்லையா?

#10 எண்ணெய்விளக்கு

தெரியும். பழந்துணிகளைக் கயிற்றில் கட்டி இறக்கி, அவற்றை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவரைத் தூக்கின கதையை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். தூக்கிவிட்டவனை எபெத்மெலேக் என்று பெயரோடு சொல்வார். அந்தப் பெயர் எங்கள் போதகருக்கே வாயில் நுழையாது.

சரி தம்பி, நீங்கள் ஜெயித்தீர்கள்.

#11 பெரேயாக்காரன்

தோமா, மாற்குவின் முடிவைப் பற்றி. அந்த அடிக்குறிப்பை மறைத்தது யார் தவறாக இருந்தாலும் உங்கள் கோபம் நியாயம்தான். வெளியாள் வாயால் கேட்பதற்கு முன்பு சபையே சொல்லியிருக்க வேண்டும். அதேபோல் யோவான் 7:53 முதல் 8:11 வரை, விபசாரத்தில் பிடிபட்ட ஸ்திரீயின் சம்பவமும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். இது நமக்குத் தெரிவதே பிரதிகள் ஏராளமாக இருப்பதால்தான். ஒரே ஒரு பிரதி இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவே வழி இருந்திருக்காது. பழைய ஏற்பாட்டுக்கு 1947 முதல் சவக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏசாயா சுருள் ஒன்று முழுசாக இருக்கிறது, அதுவரை கையில் இருந்த எபிரெயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் வருடம் பழையது. எழுத்துக்கூட்டல், சொல் என்று வித்தியாசங்கள் நிறைய உண்டு. ஆனால் வாசித்தால் அது நமக்குத் தெரிந்த அதே ஏசாயாதான்.

மாற்கு 16:8-இல் நிறுத்தி ஒரு தடவை வாசித்துப்பாருங்கள். ஸ்திரீகள் நடுங்கி ஓடுகிறார்கள், பயந்துபோய் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, முடிந்தது. கல்லறை காலி, தூதன் சொல்லிவிட்டான், கையில் வேறு ஒன்றும் இல்லை. எனக்கு அந்த முடிவுதான் என் வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

#12 தோமா_2

எட்டில் நிறுத்தி வாசித்தேன். எரிச்சலாக இருந்தது, ஆனால் விட மனம் இல்லை. இதைப் பதில் என்று ஏற்றுக்கொண்டேனா, தெரியாது.

#13 புதுவரவு

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் விசுவாசத்துக்கு வந்து எட்டு மாதம். எனக்குக் குழப்பமே இதுதான். எல்லாவற்றுக்கும் பின்னணி தெரிய வேண்டும் என்றால் நான் எப்போது தைரியமாக ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பது?

#14 மறைக்கல்வி

இன்றைக்கே ஜெபியுங்கள். எத்தியோப்பிய அதிகாரி தேரில் உட்கார்ந்து எசாயாவை வாசித்தபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிலிப்பு ஓடிவந்து புரிகிறதா என்று கேட்டதும், யாராவது சொல்லித் தராவிட்டால் எப்படிப் புரியும் என்கிறார். ராணியின் கருவூலத்துக்கே பொறுப்பாளர், வெட்கப்படாமல் அதைச் சொல்கிறார். புரியாமல் வாசித்ததை பிலிப்பு குற்றம் சொல்லவில்லை, தேரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாலைவனச் சோதனையில் "எழுதியிருக்கிறதே" என்று வசனம் காட்டுவது சாத்தானும்தான். திருப்பாடல் (சங்கீதம்) 91-ஐ எடுத்து, நடுவில் "உன் வழிகளிலெல்லாம்" என்ற சொற்களை விட்டுவிட்டுச் சொல்கிறான். இயேசு மறுபடி வசனத்தாலேயே பதில் சொல்கிறார், மூன்று பதிலும் இணைச்சட்ட (உபாகமம்) நூலிலிருந்து. அதுவும் இஸ்ரயேல் பாலைவனத்தில் பட்ட பாட்டைப் பேசும் பகுதியிலிருந்து. அவர் நின்றதும் பாலைவனம். வசனத்தை அதன் இடத்தோடு சேர்த்துப் பிடிப்பது என்றால் அதுதான்.

#15 சொல்தச்சன்

"இடத்தோடு" என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. யோவான் 21-இல் பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறாரே, அன்பாயிருக்கிறாயா, நேசிக்கிறாயா என்று, அந்த இரண்டு கிரேக்க வினைச்சொற்களின் வித்தியாசத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்காதவர்கள் இருக்க முடியாது. யோவான் அந்த இரண்டையும் வேறு இடங்களில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார், அதனால் அதன்மேல் நான் அதிக பாரம் ஏற்ற மாட்டேன். ஆனால் கரையில் எரிகிற அடுப்பைக் கவனியுங்கள். கரிநெருப்பு. அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. ஒன்று இங்கே. மற்றது 18:18, பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே தெரியாது என்று மறுதலித்த இடம். கரையில் இறங்கியதும் அந்தப் புகை மூக்கில் ஏறியிருக்கும். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே எல்லாம் ஞாபகம் வந்திருக்கும் மனுஷனுக்கு. அதன்மேல் மீனும் இருந்தது, சாப்பிட வாருங்கள் என்றும் சொன்னார்.

எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதியில் இதைத் தேடிக் கண்டுபிடித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை. ஆராய்ச்சி ஜெபமாகுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு அனுபவம்தான்.

#16 ஓட்டைவலை

எல்லாம் சரி, ஆனால் படித்துப் படித்துக் கல்லாகிப்போனவர்களும் உண்டு. வேத ஞானம் எல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த ஒருவர் என்னைப் பேச்சாலேயே சபையை விட்டுத் துரத்தினார். பெயர் வேண்டாம். யோவான் 5:39-ஐ "வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள்" என்று போர்டில் எழுதி வைப்பார். அடுத்த வசனம் அங்கே இருக்காது.

#17 சொல்தச்சன்

உண்மை. அந்தக் கிரேக்க வினை கட்டளையாகவும் இருக்கலாம், "ஆராய்கிறீர்கள்" என்ற நிகழ்காலமாகவும் இருக்கலாம், வடிவம் ஒன்றுதான். 40-ஆம் வசனத்தோடு சேர்த்தால் இரண்டாவதுதான் பொருந்துகிறது. இவ்வளவு ஆராய்கிறீர்கள், ஆனாலும் என்னிடத்தில் வர உங்களுக்கு மனதில்லை என்பது குற்றச்சாட்டு. போர்டில் எழுத வேண்டிய வசனம் அல்ல, போர்டில் எழுதியவரிடம் சொல்ல வேண்டிய வசனம்.

உங்களுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது, ஓட்டைவலை.

#18 கடுகுவிதை

நேற்று இரவு அம்மாவிடம் 28, 29 இரண்டையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அனனியா நுகத்தை முறிக்கும் இடத்தில் அம்மா, "அந்த ஆளும் நல்லது நடக்கணும்னுதான் சொல்லியிருப்பான், பாவம்" என்றார். அட்டை கொடுத்தவரைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடமாக நான் அவரோடு பேசவில்லை.

"எழுபது வருஷம்" வந்ததும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதுவரைக்கும் வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்லியிருக்காரே" என்றார். அவ்வளவுதான். அப்பாவின் அறையை அப்பா போனதிலிருந்து நாங்கள் திறப்பதில்லை. இன்று காலை அம்மா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்.

எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அட்டை இன்னும் இருக்கிறது. கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன், கிழிக்கவில்லை. 28-க்கும் 29-க்கும் நடுவில் வைத்திருக்கிறேன்.

#19 பெரேயாக்காரன்

விருப்பமுள்ளவர்கள் எரேமியா 24 முதல் 29 வரை இந்த வாரம் வாசித்துவிட்டு வாருங்கள், இதே இழையில் தொடரலாம். ஒரே மூச்சில் வாசியுங்கள், எண்களைப் பார்க்காமல்.

#20 புதுவரவு

நான் இப்போதே 24-ஐ ஆரம்பித்துவிட்டேன். இரண்டு அத்திப்பழக் கூடைகள். சிறைப்பட்டுப் போனவர்கள்தான் நல்ல பழம், எருசலேமில் மிஞ்சினவர்கள் கெட்ட பழம் என்று இருக்கிறதே, நான் மாற்றி வாசிக்கிறேனா?